நாலு முதல் அஞ்சு வரை

பியோ டான்பிக்கு ஒக் சுங்மோவைப் பார்த்த முதல் நாளே பிடிக்கவில்லை. வகுப்பு பாதி முடிந்த பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்தான். ஒரு கையில் கடைச் சோற்று உருண்டை, இன்னொரு கையில் வாழைப்பழப் பால். தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டிருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பாள். அவன் பேராசிரியருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, டான்பி தன் பைக்கென்று பிடித்து வைத்திருந்த நாற்காலிக்கு நேராக வந்தான். பையைத் தூக்கித் தரையில் வைத்தான். உட்கார்ந்து, உருண்டையைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தான். பாடத்தின் பெயர் 'கல்லூரி வாழ்வும் நேர நிர்வாகமும்'.

அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒரு குழு என்று பேராசிரியர் மேங் அன்றைக்கே அறிவித்துவிட்டார். மாணவர்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று விசாரித்து, நவம்பரில் வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் ஒரு முதலாமாண்டுப் பெண். டான்பி தயாரித்த வேலை அட்டவணையைப் பார்த்த மறுநாளே அந்தப் பெண் பாடத்தையே கைவிட்டு ஓடிவிட்டாள். மிஞ்சியது இரண்டு பேர்.

டான்பி வரலாற்றுத் துறையில் இரண்டாமாண்டு. துறையில் முதல் மதிப்பெண் அவளுடையது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, ஆசிரியர் பயிற்சிப் பிரிவில் ஓர் இடம். அதில் சேராதவர்கள் பள்ளி ஆசிரியர் தேர்வை எழுதவே முடியாது. துறைக்கு வருடத்துக்கு ஓர் இடம்தான். இரண்டாமாண்டில் மட்டும்தான் கேட்கலாம், விட்டால் விட்டதுதான். விண்ணப்பித்தவர்களில் முதல் மதிப்பெண் யாருக்கோ அவருக்கு இடம். ஆகவே அந்த இடம் டான்பியுடையது என்பது துறை முழுக்கத் தெரிந்த சங்கதி. விண்ணப்பத்தில் ஆலோசகரின் முத்திரையை வாங்கி, நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் துறை அலுவலகத்தில் கொடுத்தால் முடிந்தது. பதின்மூன்று வயதிலிருந்து கரும்பலகை முன்னால் தன்னை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

அவளுடைய நாள் கைபேசிக் காலண்டரில் மஞ்சள் கட்டங்களாக இருந்தது. குளிக்க ஒரு கட்டம், அம்மாவிடம் பேச ஒரு கட்டம், ஒன்றும் செய்யாமல் இருக்கவும் ஒரு கட்டம். தாமதமாக வருபவர்களை அவளுக்குப் பிடிக்காது என்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் முன்னதாக வருபவர்களையும் பிடிக்காது. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முன்பே போய் நிற்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு இளக்காரம். முன்கூட்டிச் செய்வதும் நேரத்தை வீணாக்குவதுதான், அந்தந்தக் கட்டத்துக்குரியதை அந்தந்தக் கட்டத்தில் செய்வதுதான் ஒழுங்கு என்பது அவள் கட்சி. ஆலோசகரின் முத்திரையை நவம்பரில் அதற்குரிய கட்டத்தில் வாங்கிவிட்டாள். அதன்பின் அந்தத் தாள் ஒரு வாரமாக அவள் பைக்குள் கிடந்தது. கொடுக்க வேண்டிய கட்டம் வெள்ளிக்கிழமை நாலே முக்கால். அதுவரை அது பையில்தான் இருக்கும்.

குழு வேலைக்குப் பொதுவான நேரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி, இருவரின் காலண்டரையும் ஒன்றாக இணைத்தாள். எல்லாரும் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும், ஒளித்து வைக்க நேரம் என்ன களவுப் பொருளா என்று குழு அரட்டையில் எழுதினாள். அவள் பக்கம் மஞ்சளாக நிறைந்து கிடந்தது. அவனுக்கு ஒதுக்கிய நிறம் நீலம். இரண்டு மாதத்தில் ஒரு நீலக் கட்டம்கூட விழவில்லை.

சுங்மோ பட்டாளத்தில் இரண்டு வருடமும், அப்பாவின் கடை நொடித்துப்போனதில் இன்னும் இரண்டு வருடமும் போக்கிவிட்டுத் திரும்பி வந்தவன். பார்சல் கிடங்கில் விடிய விடியப் பெட்டி தூக்கிவிட்டு நேராக வகுப்புக்கு வருவான். டான்பிக்கு அது தெரியும். தெரிந்ததால் மனம் ஒன்றும் இளகிவிடவில்லை. நேரமில்லாதவன்தான் நேரத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும், இருக்கிறவனுக்கு எதற்கு அட்டவணை என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல அவன் விழித்திருக்க வேண்டுமே.

அவள் செய்தி அனுப்புவாள். செய்திக்குப் பக்கத்தில் '1' என்ற எண் நிற்கும். அவன் படித்ததும் அந்த எண் மறையும். மறையும், அவ்வளவுதான், பதில் வராது. படிக்காமல் இருந்தால்கூட மன்னிக்கலாம், படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவனை என்ன செய்வது? அவள் ஒவ்வொன்றையும் படம் பிடித்துத் தேதி வாரியாகச் சேர்த்து வைத்தாள். அதற்கும் காலண்டரில் ஒரு கட்டம் இருந்தது.

முதல் சண்டை மரியாதையில் வந்தது. எடுத்த எடுப்பிலேயே அவன் ஒருமையில் பேசினான்.

"யாரக் கேட்டு என்னை நீ, வா, போன்னு பேசறீங்க, சுங்மோ-ஷி?" என்றாள்.

"வயசக் கேட்டுதான். உன்னவிட ஆறு வயசு பெரியவன் நான். நீயும் அண்ணன்ங்கற மாதிரி ஒப்பான்னு கூப்பிடு, கணக்கு சரியாயிடும்."

"அதுக்கு என் அட்டவணைல எடமில்ல."

"சரிங்க, லீடரம்மா" என்று தலையைத் தாழ்த்திக் கும்பிட்டான். அன்றிலிருந்து லீடரம்மாதான். நடைபாதையில், உணவுக் கூடத்தில், நாலு பேர் கேட்கிற மாதிரி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஷி' போட்டுக்கொண்டேயிருந்தாள். 'ஷி' என்பது மரியாதைதான், அவள் சொன்ன விதத்தில் செருப்படி மாதிரி இருந்தது.

அவன் பங்குக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தாள். மாணவர்களை விசாரித்துக் குறிப்பு எழுதித் தர வேண்டும். கெடு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. ஆறுக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்று மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்று முறையும் எண் மறைந்தது. ஞாயிறு ஆறு மணி ஆயிற்று. அவள் சமர்ப்பிப்புக் கோப்பை மூடினாள், அதன் முகப்புப் பக்கத்திலிருந்து அவன் பெயரை அழித்தாள். அப்போது வந்த நிம்மதி இருக்கிறதே, அந்த செமஸ்டரில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி வேறெதிலும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, அவள் காரக் குழம்பில் அரிசிக் கொழுக்கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து கோப்பு வந்தது. இந்த முறை அவள் திறக்கவில்லை. '1' அவன் பக்கத்தில் நிற்கட்டும், எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும். இன்றுவரை அவள் அந்தக் கோப்பைத் திறந்ததில்லை.

சமர்ப்பிக்கும் நாளில் முதல் படம் திரையில் விழுந்ததும் வகுப்பு ஓவென்றது. பங்கு தராதவன் பெயரை எடுத்துவிடுவது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான், சத்தமில்லாமல் எடுப்பார்கள். டான்பி எடுத்ததோடு நிற்கவில்லை. தன் பெயருக்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'ஒக் சுங்மோ: பங்களிப்பு இல்லாததால் பெயர் நீக்கப்பட்டது' என்று போட்டிருந்தாள். யாரோ கை தட்டினார்கள். சோடா குடித்த மாதிரி ஜில்லென்று இருக்கிறது என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கதவு திறந்து சுங்மோ உள்ளே வந்தான். திரையைப் படித்தான். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். அவள் பேசி முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் முறையாக அவன் தூங்கவில்லை.

வகுப்பு விட்டதும் காபி இயந்திரத்தின் பக்கத்தில் வழி மறித்தான்.

"பிப்ரவரில நான் பட்டம் வாங்கணும். மார்ச்சுல ஒரு எடத்துல வேலைக்குச் சேரணும். இந்தப் பாடம் போச்சுன்னா எல்லாம் போச்சு."

"அத ஞாயித்துக்கிழமை யோசிச்சிருக்கணும்."

"அனுப்பினேனே."

"ஆறு மணிக்கு அப்புறம்."

"கொஞ்சம் லேட்டு. அதுக்காகவா?"

"லேட்டுன்னா லேட்டுதான், சுங்மோ-ஷி. கொஞ்ச லேட்டு, நெறைய லேட்டுன்னு ரெண்டு சாதி கெடையாது."

அவன் காகிதக் கோப்பையை நசுக்கித் தொட்டியில் போட்டுவிட்டுப் போனான். பேச்சில் ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

அவன் பேராசிரியரிடம் முறையிட்டான். இருவரும் என் அறைக்கு வாருங்கள், இருவருக்கும் தோதான நேரத்தை நீயே பார்த்துச் சொல் என்று மேங் அவனிடம் விட்டுவிட்டார். மறுநாள் காலையில் டான்பி காலண்டரைத் திறந்தால், அதிசயம், ஒரு நீலக் கட்டம். நவம்பர் கடைசி வெள்ளி, 'பேராசிரியர் சந்திப்பு, நாலு முதல் அஞ்சு வரை'. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதம் மன்றாடி வராதவன், பெயர் போனதும் வழிக்கு வந்துவிட்டான் பார். அதிலும் ஒரு பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிற அழகைப் பார். நேரத்தை அளக்கத் தெரியாதவன்.

அவளே அந்தக் கட்டத்தை நாலரையோடு வெட்டினாள். 'அரை மணி போதும்' என்று ஓரத்தில் எழுதினாள். சாயங்காலம் பார்த்தபோது கட்டம் மறுபடி அஞ்சு வரை நீண்டிருந்தது. மறுபடி வெட்டினாள். மறுபடி நீண்டது. எப்படியோ தொலையட்டும் என்று விட்டுவிட்டாள். நீலத்தின் அடியில் நாலே முக்காலுக்கு அவளுடைய மஞ்சள் கட்டமும் இருந்தது. 'விண்ணப்பம், துறை அலுவலகம்'. ஒரே கட்டடம், மேங்கின் அறை நாலாவது மாடி, அலுவலகம் இரண்டாவது மாடி. நாலரைக்கு முடிந்தால் நிதானமாக இறங்கி வரலாம்.

வெள்ளிக்கிழமை மாடியேறும்போது துறை அலுவலகக் கதவு திறந்தே இருந்தது. உதவியாளர் தாக் அக்கா சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். டான்பியைப் பார்த்துக் கையசைத்தார். தாள் அவள் பையில் இருந்தது. நுழைந்து நீட்டியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் அது நாலே முக்காலுக்கு உரிய வேலை. அவளும் கையசைத்துவிட்டு மேலே ஏறினாள்.

சுங்மோ அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சீவிய தலை. அவன் நேரத்துக்கு வந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயம் வந்துவிட்டது என்று அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கைபேசிகளை வாசலில் உள்ள கூடையில் போட வேண்டும் என்பது மேங்கின் அறைச் சட்டம். இருவரும் போட்டார்கள்.

அவள் படம் பிடித்துச் சேர்த்ததையெல்லாம் தேதி வாரியாக அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தாள். மேங் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புரட்டினார். நன்றாகவே ஒழுங்கு பண்ணியிருக்கிறாய் என்றார். அப்புறம் சுங்மோவின் பக்கம் திரும்பி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். மணி நாலேகால்கூட ஆகவில்லை. எல்லாம் அட்டவணைப்படி போய்க்கொண்டிருந்தது.

"தப்பு என்னோடதுதான் சார்" என்றான் சுங்மோ. "லேட்டுன்னா லேட்டுதான். பட்டாளத்துல கத்துக்கிட்ட ஒழுங்க வெளிய வந்ததும் தொலைச்சுட்டேன்."

"எந்தப் பக்கம் இருந்த?"

"இன்ஜே சார்."

மேங் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில், இளவயது மேங் சீருடையில் ஒல்லியாக இன்ஜே மலைப் பனியில் நிற்கும் படம் இருந்தது. அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் கேட்டுவிடாதே என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லி அனுப்புவது உண்டு. பெண்கள் காதைப் பொத்திக்கொள்ளும் கதைகள் இரண்டு, பட்டாளக் கதை ஒன்று, கால்பந்துக் கதை ஒன்று. மேங் தொடங்கியது பட்டாளத்தில் கால்பந்து ஆடிய கதை.

பனியை வாரி மைதானம் உண்டாக்கினார்கள். மைதானம் உண்டாக்கிய பிறகு மறுபடி பனி பெய்தது. மறுபடி வாரினார்கள். எதிர் அணியில் இருந்த கேப்டன் பந்தைத் தொட்டால் யாரும் கிட்டே போகக் கூடாது. சுங்மோ முழங்காலில் கை வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமாம் சார் போட்டான். நடுவில் எழுந்து மூவருக்கும் பார்லித் தேநீர் ஊற்றினான். டான்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நேரமிருந்தது. பிறகு பார்த்தாள். அவ்வளவாக இல்லை.

வாசல் கூடையில் ஏதோ உறுமியது. நாலே முக்காலுக்கு அவள் வைத்த அலாரம். மேங்குக்குக் கேட்கவில்லை. சுங்மோவின் கண் கூடைக்குப் போய், அங்கிருந்து நேராக அவள் முகத்துக்கு வந்தது. அவன் சிரிக்கவில்லை. அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"சார், ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தாள்.

மேங் கையை உயர்த்தினார். "இரு, இத நீயும் கேளு. குழுன்னா என்னன்னு உனக்கு இதுல இருக்கு."

பேராசிரியர் பேசும்போது எழுந்து போவது நடக்காத காரியம். அவராகப் போகலாம் என்று சொல்ல வேண்டும். தீர்ப்பும் இன்னும் அவர் வாயில்தான் இருந்தது. அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். கதை ஓர் இடத்தில் தட்டுத் தடுமாறி நின்றது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"சார்," என்றான் சுங்மோ, "அந்த கோல்கீப்பர் அப்புறம் என்ன ஆனாரு?"

மேங்கின் முகம் மலர்ந்தது. கோல்கீப்பருக்குக் கால் உறைந்துபோன கதை தனி.

கடைசியில் அவள் எழுந்தேவிட்டாள். துறை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், இன்றே கடைசி, ஐந்து மணிக்குள் என்றாள். மேங் மெதுவாகத் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"நேர நிர்வாகம் படிக்கிற பொண்ணு, கடைசி நிமிஷம் வரைக்குமா வச்சிருப்ப?" என்றார். பிறகு, வந்த வேலையை முடிக்காமல் அனுப்பக் கூடாது என்பது போல், தீர்ப்பையும் நிதானமாகச் சொன்னார். சுங்மோ முறையீட்டோடு தனக்கு அனுப்பிய குறிப்பைத் தான் படித்துப் பார்த்ததாகச் சொன்னார். கிடங்கில் பெட்டி தூக்கும் மாணவர்கள் எப்போது தூங்குகிறார்கள், எப்போது படிக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியிருந்தானாம். மொத்த வேலையிலும் அதுதான் உருப்படியான பகுதியாம். பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். இருவருக்கும் ஒரே மதிப்பெண். பனியில் ஓர் ஆளை விட்டுவிட்டுப் போகிறவன் தலைவன் இல்லை என்று முடித்தார். அவள் குனிந்து வணங்கினாள், கூடையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினாள், ஓடினாள்.

தாக் அக்கா அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். மேசையில் கிழங்குத் தோல்கூட இல்லை, துடைத்தாகிவிட்டது.

"எங்கம்மா போன? நாலு மணிக்கு மாடிக்குப் போனியே, இப்ப வந்து குடுப்பேன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். "அஞ்சுக்குத் தலைமை அலுவலகத்து ஆளு வந்து உறைய ஒட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரே ஒரு விண்ணப்பம்தான் இருந்துச்சு. உங்க வகுப்புப் பையன் ஒருத்தன், கெடைக்காதுன்னு தெரிஞ்சே குடுத்துட்டுப் போனான்."

"அக்கா, கொஞ்சம்தான் லேட்டு."

சொல்லி முடிப்பதற்குள் அந்த வார்த்தை யாருடையது என்று அவளுக்கே உறைத்தது. தாக் அக்கா சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ரொம்ப வருத்தமாயிருக்கிறது என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெளியே கிங்கோ மரங்களின் பழம் நடைபாதையெங்கும் நசுங்கி நாறிக் கிடந்தது. சுங்மோ பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டைக்கு மேல் கிடங்கின் மேலங்கியை மாட்டியிருந்தான். டான்பி பழத்தை மிதித்துக்கொண்டு நேராக அவன் முன்னால் போய் நின்றாள். அவனைக் கொன்றுவிட வேண்டும் போலிருந்தது. கையில் இருந்தது முத்திரை போட்ட ஒரு தாள்தான்.

"வேணும்னுதான செஞ்சீங்க?"

ஆமாம் என்று தலையசைத்தான்.

"நான் அனுப்பினத சும்மா தெறந்து மூடறீங்கன்னு நெனச்சேன்."

"எல்லாத்தையும்தான் படிச்சேன். ஒரு வரி விடாம." என்றான். "உன் காலண்டரையும்தான். கிடங்குல அரை மணி இடைவேளை குடுப்பாங்க, அப்ப அதத்தான் படிப்பேன். நீ எப்ப குளிக்கிற, எப்ப அம்மாகிட்ட பேசற, எப்ப அழற, எல்லாத்துக்கும் கட்டம் இருந்துச்சு. நீதான எல்லாத்தையும் தெறந்து வைக்கச் சொன்ன?"

"நான் டீச்சராகணும்னு..." கையிலிருந்த தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நானும் மார்ச்சுல வேலைக்குச் சேரணும்னுதான் சொன்னேன்."

பஸ் வந்தது. அவன் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"நாலுலேருந்து அஞ்சுன்னு நான் சரியாத்தான் போட்டிருந்தேன், லீடரம்மா. அரை மணி போதும்னு ரெண்டு தடவ வெட்டினது நீதான்."

டிசம்பரில் மதிப்பெண் வந்தது. நேர நிர்வாகத்தில் இருவருக்கும் ஏ பிளஸ்.